எமோசியை யார் பாத்துக்கறது

சலனியேத்தா லாரியில் முன்பக்கம் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்த வாடை எனக்குத் தெரிந்தது.

பதினாறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் என் லாரியில் வருகிறவள். எப்போதும் பின்னால்தான் ஏறுவாள். கொப்பரை மூட்டைகளின் மேல் பாயை விரித்து, மகன் எமோசியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் இடுப்பில் வேட்டி மாதிரி கட்டியிருக்கும் சுலுவின் முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள். சவுசவு டவுனுக்குப் போய்ச் சேருகிற இரண்டரை மணி நேரமும் அந்தச் சுற்று அவிழாது. அன்றைக்கு முன்கதவில் வந்து தட்டினாள்.

"முனி, கதவத் தொற. இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் முன்னால."

எமோசியை நடுவில் ஏற்றினாள். முப்பத்தொரு வயசு, ஆறடி உயரம். கியர் போட எனக்கு இடமில்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். "லாரி, லாரி" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் இருக்கிற வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு. அதில் 'லாரி' ஒன்று என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கொப்பரைக்கு ஒரு வாடை உண்டு. புகையும் சிக்கெண்ணெயும் சேர்ந்த வாடை. அது என் சட்டையிலும் தலைமயிரிலும் ஊறிப்போனதால் எனக்கு உறைக்காது. இது வேறு. எங்கள் அம்மா சர்க்கரை நோயில் கடைசி வருஷம் படுத்திருந்த அறையில் இந்த வாடை இருந்தது.

"அக்கா, கால்ல என்னா?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

"என்னமோ வாடை வருதே."

"உன் லாரியில எலி செத்துக் கெடக்கும். என்னைக்காவது கழுவியிருக்கியா இத?"

எமோசி "எலி" என்று சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இடது காலில் பழைய துணியைச் சுற்றி, அதற்கு மேல் கடைப் பையைக் கட்டியிருந்தாள். ஓடையைக் கடக்கும் இடத்தில் லாரி குலுங்கியபோது டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். சவுசவுவில் அவள் இறங்கவே இல்லை. கொப்பரை எடை போடுகிற இடத்தில் தராசு முள்ளை அவள் கண்ணால் பார்க்காமல் ஒரு மூட்டையும் நகர்ந்ததில்லை. அன்றைக்கு, "நீயே பாத்துட்டு வா முனி" என்றாள்.

எங்கள் தாத்தா கரும்பு வெட்ட இந்தத் தீவுக்கு வந்தவர். என் வீடும் பெண்டாட்டியும் மலைக்கு அந்தப் பக்கம், லம்பாசாவில். வாரத்தில் நாலு நாள் இந்தக் கடற்கரை ஊர்களில்தான் என் சாப்பாடும் படுக்கையும். சலனியேத்தாவின் ஊரான வூனிதோங்கோவில் எந்த வீட்டு வாசலிலும் என்னை 'வா, சாப்பிடு' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பேசியது ஃபிஜி பாஷையில். எனக்குச் சொல்ல வருவது நம் பேச்சில்தான். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவு பார்ப்பதிலும் கேலி பேசுவதிலும் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ஊர் திரும்பியதும் நேராகக் கொப்பரைக் கொட்டகைக்குப் போனேன். அவள் புருஷன் விலிகேசா, கொப்பரை காயும் பரணுக்கு அடியில் நெருப்புக்கு மட்டை தள்ளிக்கொண்டிருந்தான். புகை கண்ணைக் கரித்தது.

"உன் பொண்டாட்டி கால் அழுகுது. உனக்குத் தெரியுமா?"

அவன் மட்டை தள்ளுவதை நிறுத்தவில்லை. "காட்ட மாட்டேங்கறா. மூணு வாரமாச்சு. ஆணி குத்திச்சுன்னா. இலை வெச்சுக் கட்டறா. கேட்டா சண்டைக்கு வரா."

"புருஷன்தானேய்யா நீ?"

"நீ என் எடத்துல இருந்து கேட்டுப் பாரு."

"நர்ஸக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நர்ஸ் வந்தா ஆஸ்பத்திரிம்பா. ஆஸ்பத்திரின்னா எமோசியை யார் பாத்துக்கறது? அதுக்குத்தான் முனி அவ மூடி மறைக்கறா." எழுந்து முதுகை நிமிர்த்தினான். "எனக்குந்தான் அது தெரியல."

மறுநாள் காலையில், நான் அனுப்பிய சேதி கிடைத்து, பக்கத்து ஊரிலிருந்து நர்ஸ் நடந்தே வந்தாள். வயசானவள், வளைத்துப் பேசத் தெரியாதவள். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என்னையும் விலிகேசாவையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்: "ரெண்டு வெரலு போயிடுச்சு. கருப்பு மேல ஏறுது. இன்னைக்கே லம்பாசா போகணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாத்தீங்கன்னா ஆஸ்பத்திரி வேணாம், சர்ச்சுல அடக்கத்துக்குச் சொன்னா போதும்."

மழை பிடித்திருந்தது. லாரியைத் திருப்பி வாசலில் நிறுத்தினேன். சலனியேத்தா பாயில் உட்கார்ந்து, எமோசிக்கு மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய், அப்புறம் அவன் தாடையைத் துடைப்பது, ஒரு வாய். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வரல. நர்ஸுக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பு."

"எமோசி அம்மா, செத்துப் போவ" என்றான் விலிகேசா.

"செத்தா அப்பப் பாப்போம். இப்ப யார் இருக்கா? நீ இருக்கியா? இவனுக்கு மாத்திரை எத்தன, எந்நேரம், சொல்லு பாப்போம்."

அவன் மாத்திரை டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இடி இடிச்சா இவன் எங்க போய் ஒளிவான்? சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். அப்போதுதான் லைத்தே உள்ளே வந்தாள்.

லைத்தே யாரென்று சொல்ல வேண்டும். விலிகேசாவின் தங்கை, சலனியேத்தாவுக்கு நாத்தனார். புருஷன் சில வருஷம் முன்னால் கடலோடு போய்விட்டான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். என்னை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவாள். "மச்சான், உன் லாரிக்கு என்ன வயசு? உன்னவிட மூப்பா?" என்று ஊரே கேட்கக் கத்துவாள். அவள் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் முப்பது அடி. இந்த முப்பது அடியைப் பன்னிரண்டு வருஷமாக அவள் தாண்டியதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சலனியேத்தாவின் அம்மா தவேயுனித் தீவில் இறந்துபோனாள். சாவுக்குப் போக சலனியேத்தா எமோசியை லைத்தேவிடம் விட்டுவிட்டுப் படகேறினாள். ஐந்து நாள் என்று போனவள் மனசு கேட்காமல் மூன்றாம் நாளே திரும்பினாள். படகிலிருந்து பார்த்தபோது கரையில் பலாமரத்தடியில் மகன் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மரத்தில். கீழெல்லாம் மலமும் மூத்திரமும், மேலெல்லாம் ஈ. கயிற்றை அவிழ்த்து, அவனைக் கடலில் இறக்கிக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போனாள். லைத்தேவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றையிலிருந்து பேச்சில்லை. சர்ச் விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் உப்பு வேண்டுமென்றால்கூட வேறு ஆளிடம் கேட்பாள். அதற்கப்புறம் சலனியேத்தா கல்யாணம், சாவு, பெண்கள் கூட்டம் எதற்கும் போனதில்லை. சர்ச்சிலும் கடைசி வரிசை, எமோசி சத்தம் போட்டால் எழுந்து வர. மகன் இல்லாமல் ஒரு நாழிகைகூட அவளை யாரும் பார்த்ததில்லை.

அந்த லைத்தேதான் மழையில் நனைந்து உள்ளே வந்து, கேட்காமலேயே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள்.

சலனியேத்தா அடுத்த வாயை மசித்தாள். "முனி, இங்க யாரோ பேசற மாதிரி இருக்கு."

"முனிகிட்ட சொல்லாத. என்கிட்ட சொல்லு அண்ணி. பன்னெண்டு வருஷமாச்சு. இன்னைக்காவது என் மூஞ்சியப் பாத்துத் திட்டிடு."

"உன்ன நம்பி விட்டதுக்கு என் புள்ள நாய் மாதிரி கெடந்தான்."

"ஆமா. கட்டினேன். இல்லேங்கலையே." லைத்தே ஈரத் தலையை வழித்து ஒதுக்கினாள். "ஏன் கட்டினேன்னு நீ கேட்டியா? அன்னைக்கு என் வீட்ல மூணு சின்னதுங்க. கடைக்குட்டிக்குக் காச்சல். என் வீட்டுக்காரர் மீனுக்குக் கடல்ல. இதோ நிக்கறானே என் அண்ணன், உன் புருஷன், இவன் ஊர்ச் சபையில ஒக்காந்து யங்கோனா போதைத் தண்ணி குடிச்சிட்டு இருக்கான். ரெண்டு நாள் எமோசி ஒழுங்காத்தான் இருந்தான். மூணாம் நாள் காலைல உன்னத் தேடிக் கடலுக்குள்ள எறங்கிட்டான். படகு போன தெசையப் பாத்து நடக்கறான். கழுத்து வரைக்கும் தண்ணி. நான் போய் இழுத்துட்டு வந்தேன். திரும்பப் போனான். திரும்ப இழுத்தேன். மூணாந்தடவ என்னத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டான் அண்ணி. அவனுக்குத் தெரியல, பாவம். வழிய விடுன்னு தள்றான். எனக்கு மூச்சு போயி, உப்புத் தண்ணி குடிச்சு, எப்படியோ வெளிய வந்தேன். அப்புறந்தான் கயித்த எடுத்தேன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? அத மட்டும் சொல்லிட்டுத் திட்டு."

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. சலனியேத்தாவின் கையில் கிழங்கு அப்படியே இருந்தது. எமோசி வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.

"மூணாம் நாள் காலைலயா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப... ஒரு நாள்தானா?"

"ஒரு நாளும் இல்ல. காலைலருந்து நீ வர்ற வரைக்கும். நீ வந்தது மத்தியானம்."

"நான் மூணு நாளும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"மூணு நாளா?" லைத்தேவின் குரல் உடைந்தது. "மூணு நாளும் கட்டிப் போட்டேன்னா நெனச்ச? இத்தன வருஷமா? ஏன் அண்ணி, என்னைய அப்படிப்பட்டவளாவா நெனச்ச?"

"அவன் அழுக்குல ஒக்காந்திருந்தான்டி."

"கழுவணும்னா அவுக்கணும். அவுத்தா ஓடுவான். கொழந்த உள்ள காச்சல்ல கத்துது. நான் ஒருத்தி." அண்ணன் பக்கம் திரும்பினாள். "இவனுக்குத் தெரியுமே எல்லாம். சாயங்காலம் வந்தப்ப நான் சொன்னேனே. இவன்கிட்ட கேட்டிருக்கலாமே நீ."

சலனியேத்தா புருஷனைப் பார்த்தாள். அவன் கதவோரத்தில் நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நான் எங்க இருந்தேன்னு நீ கேப்ப" என்றான். "வெக்கமா இருந்தது. அப்புறம் நாளாயிடுச்சு. நாளாக ஆக எப்படிச் சொல்றது?"

அவன் மேல் எதையாவது எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. கையிலிருந்த கவளத்தை மகனுக்கு ஊட்டி முடித்தாள். தாடையைத் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"அரை நாள் கட்டினாலும் கட்டினதுதான்."

"கட்டினதுதான்" என்றாள் லைத்தே. "நீயுந்தான் லாரியில அவன் துணியக் கையில சுத்திக்கற. நீ துணியில, நான் கயித்துல. போதும், எந்திரி. கால் அழுகுது உனக்கு. வீடு பூரா நாறுது."

அந்த இடத்தில் சலனியேத்தா சிரித்துவிட்டாள். வேண்டாவெறுப்பாக, மூக்கால் வந்த சிரிப்பு. நர்ஸ் அதுதான் சமயமென்று உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

ஆனால் சலனியேத்தா உடனே கிளம்பவில்லை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். காலையில் ரெண்டு வெள்ளை மாத்திரை, கிழங்குக்குள் வைத்து. மீனைக் கையால் மூன்று தரம் தடவி முள் பார்க்கணும், ரெண்டு தரம் போதாது. இடி இடித்தால் பாய்க் கட்டுக்குப் பின்னால் போவான், இழுக்கக் கூடாது, நீயும் போய்ப் பக்கத்தில் உட்காரணும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே. அழுதால் பிடரியில் கை வை. தலையில் இல்லை, பிடரியில். லைத்தே ஒவ்வொன்றையும் பள்ளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். விலிகேசாவும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"புள்ள, அம்மா கடைக்குப் போயிட்டு வரேன்" என்றாள் சலனியேத்தா.

"கடைன்னு சொல்லாத அண்ணி. கடைன்னா சாயங்காலம் வருவேன்னு வாசல்ல நிப்பான். நாளாகும்னு சொல்லு."

"நாளாகும்" என்றாள் மகனிடம். அவனுக்கு அது புரியவில்லை. தானும் லாரியில் ஏற வந்தான். விலிகேசா பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவனைக் கட்டிப்பிடித்தான். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் தெரிந்தது: மழையில் மகன் அப்பனை இழுத்துக்கொண்டு வருகிறான், அப்பன் விடாமல் தொங்குகிறான், இருவரும் சேற்றில் விழுகிறார்கள்.

"பாக்காத" என்றாள் அவள். "ஓட்டு."

லம்பாசாவில் மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்ப்பேன். ஊருக்குள் போன் எடுக்காது, அதனால் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சேதி நான்தான். முதல் வாரம் ஊரில் நிலைமை மோசம். எமோசி நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. லைத்தே ஊட்டப் போனால் தட்டைத் தட்டிவிடுவான். ஓடையைத் தாண்டி லாரி போகிற ரோட்டில் நின்றுகொண்டு, வருகிற வண்டியெல்லாம் நிறுத்துவான். மூன்றாம் நாள் லைத்தே அவனைத் தடுத்தபோது முழங்கையை வீசினான். அவள் முன்பல் ஒன்று போனது. ஐந்தாம் நாள் விலிகேசா அவனைக் கொப்பரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். கிழங்குச் சட்டியை நடுவில் வைத்து, தானே மசித்து, தானே சாப்பிட ஆரம்பித்தான். பாதி காலியானதும் எமோசி உட்கார்ந்து கையை விட்டானாம்.

"அண்ணிகிட்ட நல்லா இருக்கான்னு சொல்லு மச்சான்" என்றாள் லைத்தே. பல் போன இடத்தில் காற்று ஊதியது. "பல்லப் பத்தி மூச்சு விடாத."

நான் அப்படியே சொல்லப் பார்த்தேன்.

"சாப்பிடறானா?" என்றாள் சலனியேத்தா. கட்டிலில் பாதி காலுக்கு மேல் போர்வை போர்த்தியிருந்தது.

"சாப்பிடறான்க்கா."

"யார் கையால?"

"லைத்தே கையாலதான்."

"பொய் சொன்னா உன் மூஞ்சி கோணுது முனி. நீ சீட்டாட்டத்துல ஜெயிக்கவே மாட்ட. உண்மையச் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். பல்லையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழுந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் அது அழுகையானது. "பாவம்டா அவ" என்றாள். "அவகிட்ட பல்லு ஒண்ணுதான் அழகா இருந்தது."

ஆறு வாரம் கழித்து, மழை விட்டு வெயில் ஏறின ஒரு நாள் அவளைக் கூட்டிவந்தேன். விலிகேசா வாசல் படியை எடுத்துவிட்டு மண் போட்டுச் சரிவாக்கி, பிடித்து நடக்க இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தான். ஊரே வந்து நின்றது. எமோசி லைத்தேவின் பின்னால் நின்றான். அம்மாவைப் பார்த்ததும் முகம் விரிந்தது, ஒரு அடி எடுத்து வைத்தான். அப்புறம் அவள் கக்கத்தில் இருந்த ஊன்றுகட்டைகளைப் பார்த்தான், அவள் சுலுவுக்குக் கீழே பார்த்தான். நின்றுவிட்டான்.

"வா புள்ள" என்றாள்.

"வேணாம்" என்றான். அவனிடம் இருக்கிற வார்த்தைகளில் அதுவும் ஒன்று. லைத்தேவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் குனிந்தான். அவ்வளவு பெரிய ஆள் அங்கே எப்படி மறைவான். சலனியேத்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு அவன் என் லாரிக்கு வந்தான். கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். பின்னால் ஏறிச் சாக்குகளைப் புரட்டினான். என்ன தேடுகிறான் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்து, அம்மாவின் காலைக் காட்டி, லாரியைக் காட்டினான். அந்தக் காலைக் கொண்டுபோனது நான், நான்தான் திருப்பித் தரவேண்டும்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அந்த மாதம் அந்த வீட்டில் நல்ல மாதம் இல்லை. எமோசி காலையில் எழுந்ததும் அப்பனோடு கொட்டகைக்குப் போய்விடுவான். கொப்பரையைப் புரட்டக் கற்றுக்கொண்டிருந்தான். பாதி புரட்டுவான், பாதி தின்பான். மத்தியானம் லைத்தே வீட்டில் சாப்பாடு. சலனியேத்தா மசித்து வைத்துக் காத்திருப்பாள், வரமாட்டான். பின்னால் ஓட அவளுக்குக் கால் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கட்டையை ஊன்றிக்கொண்டு லைத்தே வாசலுக்கே போய்விட்டாள்.

"என் புள்ளைய எடுத்துக்கிட்டல்ல?"

லைத்தே பாய்க்குப் புல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எடுத்துக்கிட்டேனா? இந்தா, கூட்டிட்டுப் போ. இவன் ஒரு வேளைக்குத் திங்கறதுல என் வீட்ல மூணு பேர் சாப்பிடலாம். என் பல்லையும் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ."

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மயக்கி வெச்சிட்ட."

"ஆமா, மயக்கினேன். அவன் மலம் அள்ளி மயக்கினேன். ரெண்டு தடவ வலிப்பு வந்துச்சே, அப்ப மடியில போட்டு மயக்கினேன்." எழுந்து வந்து சலனியேத்தாவின் எதிரே நின்றாள். குரல் இறங்கியது. "ஏன் அண்ணி, அவனுக்கு ரெண்டு வீடு இருந்தா உனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

சலனியேத்தா உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு, "ஒக்கார எதாவது போடு, கை வலிக்குது" என்றாள். லைத்தே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். உள்ளே எமோசி வாய் நிறையக் கீரையோடு அம்மாவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவளுடைய முழுக்கால் இருக்கிற பக்கமாக உட்கார்ந்தான். இன்னொரு பக்கம் வர அவனுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது.

ஜூன் மாதம் காலைக் காட்ட லம்பாசா போகவேண்டியிருந்தது. எமோசியை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். லைத்தேவிடம் மாத்திரையைப் பற்றி ஒரு முறைதான் சொன்னாள். டாக்டர் இன்னொரு காலையும் ஊசியால் குத்திப் பார்த்தார். சில இடத்தில் குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் மலை உச்சியைத் தாண்டினோம்.

"எனக்கு அம்பத்தெட்டு" என்றாள் திடீரென்று. "அவருக்கு அறுபத்தொண்ணு. லைத்தேவுக்கு அம்பது. எமோசி இன்னும் முப்பது வருஷம் இருப்பான். கணக்குப் போட்டா சரியா வரல முனி."

"கடவுள் பாத்துப்பாருக்கா."

"கடவுளுக்கு மீன்ல முள்ளு பாக்கத் தெரியுமா?"

இறக்கத்தில் கடல் தெரிந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஓடைக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கினேன்.

"ஒண்ணு சொல்றேன். லைத்தேகிட்ட சொல்லாத. அவர்கிட்டயும்."

"சொல்லலக்கா."

"ஆஸ்பத்திரியில நான் நல்லாத் தூங்கினேன்." ஜன்னல் பக்கம் பார்த்தே பேசினாள். "கால் போன வலி உயிர் போற மாதிரி இருந்துச்சு. ஆனா தூங்கினேன். அவன் பொறந்ததுலருந்து ஒரு காத தொறந்து வெச்சுத்தான் தூங்கியிருக்கேன். எங்க எந்திரிக்கறானோ, எங்க வலிப்பு வருதோன்னு. அங்க ரெண்டு காதையும் மூடிட்டுத் தூங்கினேன். ஒரு நாள் காலைல முழிச்சேன். வெளிய மரத்துல ரெண்டு மைனா சண்டை போட்டுச்சு. அதயே பாத்துட்டு இருந்தேன். ரொம்ப நேரம். அப்புறந்தான் எனக்கு ஒரு புள்ள இருக்கான்ங்கறது ஞாபகம் வந்துச்சு."

லாரி ஓடையில் இறங்கி ஏறியது.

"அந்த நேரம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியல. கால் போனதுக்கு அழுதேன்னு எல்லாரும் நெனச்சாங்க. கால் கெடக்குது."

எங்கள் அம்மா போன அன்று காலையில் முதலில் எனக்குள் வந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஊர் வந்துவிட்டது.

தென்னந்தோப்பு ஓரத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து கொட்டகை தெரியாது, சத்தம் கேட்கும். எமோசி எதற்கோ கெக்கெக்கே என்று சிரித்தான். விலிகேசா மட்டை உடைக்கும் சத்தம். "திங்காதடா, புரட்டு" என்று லைத்தே அதட்டினாள். எங்களை யாரும் பார்க்கவில்லை. இன்ஜினை நிறுத்தினேன்.

"எறக்கி விடவாக்கா?"

"இரு" என்றாள். "பத்து நிமிஷம். நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம்."

நான் இறங்கிப் போய்ப் பின் டயரில் கல் வைத்தேன். வைக்கத் தேவையில்லை, சமதரைதான். சுருட்டு ஒன்று பற்றவைத்தேன். அவள் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன, இரண்டிலும் ஒன்றும் இல்லை. புகை தோப்புக்குள் மெல்ல வந்தது. சுருட்டு பாதிகூட ஆகவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு டிரைவர் சீட்டின் பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கையை ஹார்ன் மேல் வைத்து, எடுக்காமல் அழுத்தினாள்.